அரைப் பேர்

ஹட்டன் மாவட்ட நீதிமன்றம். புதன்கிழமை.
வராந்தாவில் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன.
வழக்காளி, நிறுவைக் கணக்கப்பிள்ளை தர்மசீலன்:
என் பேர் கெட்டுவிட்டது, ஐந்து லட்சம் தா என்கிறார்.
எதிராளி, மூன்றாம் நம்பர் மலையில்
கொழுந்தெடுக்கும் யோகமலர்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
என் கதிரைக்குக் கைப்பிடி இல்லை.

கடிதம் ஒன்றே ஒன்று.
கொப்பித் தாளில், மகளின் கையெழுத்தில்,
துரைக்கு மட்டும்:
"தராசில் தினம் ரெண்டு கிலோ காணாமப் போகுது.
பதினெட்டு எடுத்தவளுக்குப் பதினாறுன்னு போட்டா
அரைப் பேர்தான்.
போடுறவரைக் கேளுங்க."

அவளுடைய சட்டத்தரணி எழுந்து
ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னார்.
தகைமைசார் சிறப்புரிமை என்றேன்,
அரசாங்க அகராதி தந்தபடி.
"சிறப்புரிமையா? எனக்கா?"
என்று என்னைத்தான் கேட்டாள்.

இடைவேளையில் சொன்னேன்:
கேட்க வேண்டியவரிடம்
சொல்ல வேண்டியவள் சொன்னால்,
சொன்னது பிழைத்தே போனாலும்
சட்டம் உன் பக்கம் நிற்கும்.
மனசில் வன்மம் இருந்தால் நிற்காது.
பிளேன்டீயை ஊதிக்கொண்டே யோசித்தாள்.
"வெளங்குது. முழுப் பேர் இல்ல.
இதுவும் அரைப் பேர்."

மறுபடி மன்று கூடியது.
பீலிக்கரையிலும் இதைச் சொன்னீர்களா?
"அங்க சொல்ல என்னாங்க இருக்கு?
தண்ணிக்கு நிக்கிற அத்தனை பேருக்கும்
ரெண்டு கிலோ கொறஞ்சுதான் இருக்கு."
பின்வாங்கில் யாரோ சிரித்து, இருமி மறைத்தார்கள்.

பிறகு வழக்காளியின் சட்டத்தரணி
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மெதுவாக, சிங்களத்தில் கேட்டார்:
எழுதும்போது இவர்மேல் வன்மம் இருந்ததா?

"வயிறெரிஞ்சுச்சு, ஐயா."

பக்கத்து வீட்டுக்காரி தகரம் மாற்றினாலும்
வயிறெரியும்.
பிள்ளையைப் புதைத்தவளுக்கும்
வயிறெரியும்.
சிங்களத்தில் என்னிடம் இரண்டு சொல் இருந்தது.
ஒன்றைச் சொன்னால் அவள் தோற்பாள்.
தட்டெழுத்தாளரின் விரல்கள்
சாவிகளுக்கு மேலே நின்றன.
பதினாறு வருடத்தில் முதல் தடவையாக எழுந்து
இதற்கு என்னிடம் சொல் இல்லை, கனம் ஐயா,
அவர் சொன்னபடியே பதியுங்கள் என்றேன்.
நீதிபதி என்னைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.
சரி என்றார்.

சிங்கள எழுத்தில்
ஒரு தமிழ் வயிறு
அப்படியே ஏட்டில் ஏறியது, எழுத்துப் பிழையோடு.

தீர்ப்பு அடுத்த மாதம் இருபத்தொன்பது.
வெளியே மஸ்கெலியா பஸ் உறுமிக்கொண்டு நின்றது.
ஈரக் குடையை உதறியபடி கேட்டாள்:
"இன்னைக்கு வந்ததுக்கு
எனக்குப் பேர் விழாதுதானே?"