உவர் ஆர்?

தண்ணீர்ச் சபைப் படிவத்தில்
இடத்தின் பெயருக்கு மூன்று கட்டங்கள்.
சிங்களத்தில் ஓர்ஸ் ஹில்,
ஆங்கிலத்தில் அதே ஓர்ஸ் ஹில்,
தமிழில் உவர்மலை.
கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் ஜயரூப
மூன்றாவது கட்டத்தில் பேனையை ஊன்றிக் கேட்டார்:
"இதுக்கு என்ன அர்த்தம், மிஸ்?"

உப்பு, என்றேன்.
சவர்க்காரம் நுரைக்காத தண்ணீரின் உப்பு.
"அப்ப அங்க கிணறெல்லாம் உப்பா?"
பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீரைப் பற்றி
என் நாக்கிடம் கேட்டால்
சொந்தக்காரர் சாட்சி செல்லாது.
மீற்றரை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

நவ்பரின் ஓட்டோ.
நவ்பருக்கு அது "ஓசில்".
ஓசிலுக்கு முந்நூறு ரூபாய் என்கிறார்
சிரிக்காமல்.

ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அனுப்பும் பார்சலில்
ஹோர்ஸ் ஹில்.
குதிரையைக் காணாமலே தபால்காரர்
சரியாக எங்கள் வீட்டுக்கே கொண்டுவருவார்.
ஓர் மலை, அதாவது தனி மலை என்று
நான் ஏழாம் வகுப்பில் எழுதினேன்.
உயிருக்கு முன்னால்தான் ஓர் வரும்,
மெய்க்கு முன்னால் ஒரு என்று
சிவப்பு மையில் வெட்டியிருந்தது.
அரைப் புள்ளி போயிற்று.

தொண்ணூற்றேழில், காவலரணில்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நின்றேன்.
"கொஹெத யன்னே?"
உவர்மலை, என்றேன்.
அவன் அடையாள அட்டையைப் புரட்டினான்,
என்னைப் பார்த்தான், திரும்பவும் அட்டையை.
ரியூஷன் கொப்பியின் நடுப்பக்கம் வரை விரித்தான்.
வெயில் சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் வாயைக் குவித்து,
ரகரத்தைப் பாதி விழுங்கி,
கடைசி ஸ்-ஐ நன்றாக இழுத்துச் சொன்னேன்.
"ஆ, ஓர்ஸ் ஹில்! யன்ன, யன்ன."
என் வயதுதான் இருக்கும் அவனுக்கு.
எங்கள் இருவருக்கும் பொதுவாய்
அந்த ரோட்டில் இருந்தது
ஆரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரனின் பெயர் மட்டும்,
அதன் வாலில் ஒரு ஸ்.

ஆறாம் வேற்றுமை.
இன்னாருடையது இந்த மலை என்று
ஆங்கிலம் வாய்விட்டுச் சொல்கிறது.
தமிழில் உருபு தொக்கி நிற்கிறது;
ஆருடையதென்று விரித்துப் பார்க்க
இதுவரை ஆரும் மினக்கெடவில்லை.

பேரின்பமலர் அக்கா வீட்டுக் கிணறு.
கயிற்றில் போத்தலை இறக்கி
மீற்றரின் முனையை நனைத்தேன்.
அறுநூற்று நாற்பது.
கீழே, கடற்கரையோரக் கிணற்றில்
காலையில் எடுத்தது மூவாயிரத்துக்கு மேல்.
"அப்ப பேர் பிழை," என்றார் ஜயரூப.
மேலே பிழை, கீழே சரி, என்றேன்.

அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து
அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு
என் காதுக்குள் கேட்டா:
"உவர் ஆர்?"

அவருக்குக் கேட்டுவிட்டது.
"உவர்? உப்பா நான்?"

இல்லை சேர், என்று தொடங்கி
நடு வளவில் நின்று விளங்கப்படுத்தினேன்.
இவர் என்றால் என் பக்கத்தில்.
அவர் என்றால் எங்கேயோ தூரத்தில்.
உவர் என்றால்
கேட்கிறவருக்கு எட்டி,
கேட்கப்படுகிறவருக்குக் கிட்ட நிற்கிறவர்.

ஒரு காலத்தில் இதே மேட்டில்
தொப்பி போட்ட ஒருத்தனைக் காட்டி
ஆரோ ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம்
உவர் ஆர் என்று கேட்டிருப்பாள்;
தன்னைத்தான் கேட்கிறாள் என்று அவனே முந்திக்கொண்டு
"ஓர்" என்றிருப்பான்.
சும்மா சொல்கிறேன்.
படிவத்தில் எழுத முடியாத சங்கதி.

ஜயரூப தன் நெஞ்சில் விரலை வைத்து
"நான் உவர்," என்று சொல்லிப் பார்த்தார்.
பிழை, சேர். தன்னைத் தானே
ஒருத்தரும் உவர் என்று சொல்ல முடியாது.

அக்கா மூன்று கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தா.
நவ்பர் ஓட்டோவிலிருந்தபடியே கைநீட்டினார்.
ஜயரூப குடித்து முடித்து
படிவத்தை முழங்காலில் வைத்து
குறிப்பு என்ற கட்டத்தில்,
எழுத்துக் கூட்டி, தமிழில் எழுதினார்:

குடிக்களாம்.

நான் ள-வைத் திருத்தவில்லை.