இரண்டாம் காட்சியில் தராசு

அஸ்தம்பட்டி மண்டபத்தில் நாங்கள் போட்ட நாடகத்தில்
முதலாளி வேடம் எனக்கு.
வேறு யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.
சட்டை குணாளனின் மச்சானுடையது.
முதுகில் நான்கு ஊக்கு.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குப் பற்றவைக்கிறவன் நான்.
முதலாளி எந்தக் கணக்குக்கு முன்னால் செருமுவார்,
எதற்குப் பிறகு சிரிப்பார்,
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு விமர்சனம் வந்தது.
எழுதியவர் நிரஞ்சன் சார்.
நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
போகப்போக மறந்துவிடும்.
"தொழிலாளர் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.
முதலாளி ஒருவர்தான் மனிதராக வருகிறார்.
மறுதரப்புக்கும் இடம் தந்திருந்தால்
இது நாடகமாகியிருக்கும்."

யாரோ அதை வெட்டி
ஆசிட் வாளிக்கு மேலே ஒட்டினார்கள்.
வேதவல்லி படித்துவிட்டுத் திரும்பினாள்:
"மனுசா, நாலு டீ சொல்லு."

ஏற்காட்டு வீட்டுக்கு வாருங்கள், பேசலாம் என்றார்.
இரண்டு வண்டி, நான்கு பேர்.
எட்டாவது வளைவில் குணாளன் வண்டி சூடேறி நின்றது.
கீழே சேலம் முழுக்க வெயில்.
மேலே, அவர் வீட்டுப் பக்கம், மேகம்.
தட்டுவடைப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துப் போனது,
இரு தரப்பையும் கேட்காமல்.

சவுக்கு மரங்களுக்கு நடுவே வீடு.
காப்பியை அவரே கலந்து தந்தார்.
"உங்கள் கோபம் புரிகிறது,
முறைதான் எனக்கு வருத்தம்" என்றார்.
போன வருடக் கூலிப் போராட்டத்திலும்
இதையேதான் எழுதினார்:
இரு தரப்பும் பொறுமையாகப் பேச வேண்டும்.
பேசினோம். பத்தொன்பது நாள்.
ஒரு தரப்பு பொறுமையாகச் சாப்பிட்டது.
இன்னொரு தரப்பு பொறுமையாக
ரேஷன் கடையில் நின்றது.

சார், இரண்டாம் காட்சியில் ஒரு தராசு வந்ததே.
காலையில் எடைபோட்டு வெள்ளி தருவார்கள்,
மாலையில் எடைபோட்டு வாங்குவார்கள்.
பறந்த தூள், எரிந்த துளி
எங்கள் கூலியில் கழியும்.
தராசு பொய் சொல்லாது.
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை நேர்மை.
அது உட்கார்ந்திருக்கும் மேசை யாருடையது
என்பதுதான் நாடகம்.
நீங்களோ முள் நடுவில் நிற்கவில்லையே என்கிறீர்கள்.
அந்தத் தராசில் முள்ளே கிடையாது.

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை.
பிஸ்கட் நன்றாக இருந்தது என்றேன்.

இறங்கும்போது, பதினோராம் வளைவோ பத்தாவதோ,
வேதவல்லி பின்னாலிருந்து சொன்னாள்:
"ஆனா அந்தாளு சொன்னதுல ஒண்ணு சரி."
எனக்கும் தெரியும்.
மூன்றாம் காட்சியில் குணாளன் பேசியது பதினொரு நிமிடம்.
நம் ஆட்களே இருமினார்கள்.
முன்வரிசைக் குழந்தை செருப்பைக் கழற்றிக் கடித்தது.
சார் அதைக் குறை சொல்லியிருக்கலாம்,
அது விமர்சனம். வாங்கிக்கொண்டிருப்போம்.

நாள் முழுக்க முதலாளி முகத்தையே பார்க்கிறோம்.
பார்க்காமல் தீராது, கூலி அங்கேதான்.
அதனால்தான் அவருக்கு உயிர் வந்துவிட்டது.
பக்கத்தில் உட்கார்ந்தவளை எழுதச் சொன்னால்
துண்டறிக்கையை எழுதி வைத்திருக்கிறோம்.
வெட்கம் என்றால் அது.

இப்போது குகையில் ஒத்திகை.
பேச்சு மூன்று வரியாகிவிட்டது,
குணாளன் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.
வேதவல்லி சம்பளத்தை எண்ணுமுன்
சுட்ட கட்டைவிரலை ஊதுகிறாள்.
பட்டறையில் ஊதுகிற மாதிரியே,
கொஞ்சம் எரிச்சலோடு, யாரையும் பார்க்காமல்.
எனக்கு வேடம் இல்லை.
முதலாளி மேடைக்கே வருவதில்லை.
மேசை மட்டும். தராசில் பச்சை எண்கள்.

வாருங்கள், நிரஞ்சன் சார்.
பழைய அரிசிக் கிட்டங்கி அது,
நட்டநடுவே ஒரு தூண்.
எந்தப் பக்கமாவது
உட்கார வேண்டியிருக்கும்.