இரைச்சலும் கரைச்சலும்

லொறியை நிப்பாட்டிவிட்டு
இறங்காமலே சொன்னான் மரியநேசன்:
"அக்கா, புது மிக்சர், புது அம்ப்,
ரண்டும் டிஜிற்றல்.
ஆனா ம்ம்ம் எண்டுதான் கதைக்குது."

பரந்தன் சந்திக்குப் பின்னால் என் மேசை.
சோல்டர் புகைக்கு ஒரு காற்றாடி,
எலி கடித்த அடிமட்டம்,
மூடிப்போன கொமியுனிகேசன் கடையொன்றில்
நிறுத்து வாங்கிய செத்த ரவுட்டர்கள்.

மிக்சர் பள்ளிக்கூடத்துச் சுவர் மின்சாரத்தில்.
அம்ப் லொறி ஜெனரேற்றரில்.
நடுவே அறுபது அடிக் கேபிள்.
மண் என்றால் எல்லாம் ஒரே மண் என்றிருக்கிறவனுக்கு
எப்படிச் சொல்வது?
அங்கே எர்த் ஒரு மட்டம்,
இவன் அடித்த கம்பி இன்னொரு மட்டம்.
மட்டம் இரண்டானால் வாய்க்கால் ஓடும்.
கேபிளின் பின்னல் உறைதான் வாய்க்கால்.
எண்கள் ஒழுங்காகத்தான் வருகின்றன,
கூடவே நிலத்தின் முணுமுணுப்பும்.

"உறையை வெட்டிவிடட்டே?"
வெட்டினால் வேறு பேய் பிடிக்கும்.
றோட்டோரத்து ரவரெல்லாம் உள்ளே வந்து குந்தும்.

ரவுட்டர் ஒன்றின் வயிற்றைக் கிண்டி
கறுத்த சிறு ரான்ஸ்போமரை எடுத்தேன்.
உள்ளே இரண்டு சுருள். தொடுவதில்லை.
ஒன்று அசைந்தால் மற்றது அறியும்.
ஒன்று அசையாமல் நின்றால்
அறிய ஏதுமில்லை.
நல்லவேளை, இந்தக் குறியீட்டுக்கு நிற்கத் தெரியாது:
ஒவ்வொரு பிற்றின் எல்லையிலும் ஒரு தாவல்,
'ஒன்று' என்றால் நடுவிலும் ஒரு தாவல்.
மேலெது கீழெது என்ற பேச்சே இல்லை.
வயரைத் தலைமாற்றி ஒட்டிப் பார்த்தேன்.
அதே பாட்டு.
இப்படியொரு பாஷையை
யாரோ இருந்து யோசித்திருக்கிறார்கள்.

வாசலில் எழுபத்தைந்து ஓம் வேண்டும்.
கையிலிருந்த நூறைப் போட்டேன்.
போன அலையில் கொஞ்சம் திரும்பி வந்து
அடுத்த அலையின் காலை இடறியது.
ஸ்கோப்பில் விளிம்பு நடுங்கிற்று.
அந்த விளிம்பை வைத்துத்தான்
றிசீவர் தன் மணிக்கூட்டை ஓட்டுகிறது,
நடுங்கிற கையில் நாடி பார்ப்பதுபோல.
வவுனியா பஸ்ஸில் எழுபத்தைந்து வந்தது.
ஒரு கடித உறை, உள்ளே பத்து அரிசி.

பிறகொரு ஆசை, நானே சுற்றலாமே என்று.
இரண்டு கம்பியையும் முறுக்கி வளையத்தில் சுற்றினேன்.
போன பேய் கால்வாசி திரும்பியது.
தொடாததும் கிட்ட இருந்தால் கசியும்.
விலக்கினேன், விளிம்பு மழுங்கிற்று.
கிட்டவாக்கினேன், கசிந்தது.
இவ்வளவுதான் என்று ஒரு தூரம் உண்டு,
புத்தகத்தில் இல்லை,
மூன்றாம் இரவு என் சுட்டுவிரல் அகலத்தில் கிடைத்தது.

சிறுபோகக் கூட்டம். இரணைமடுத் தண்ணிப் பங்கு.
பள்ளிக்கூட முற்றத்தில் கதிரைகள்.
மரியநேசன் சுவிச்சைப் போட்டான்.
ஒன்றுமில்லை.
பெட்டி செத்துவிட்டதென்று நெஞ்சு விழுந்தது,
செயலாளர் தொண்டையைச் செருமும்வரை.

வாய்க்கால் கடைசியிலிருந்து வந்த அன்னப்பிள்ளை
மைக்கைப் பிடித்தாள்:
"போன போகம் எங்கட பக்கம்
தவளைக்குக்கூட கால் நனையேல்லை.
தலைப்பில ஆற்ற வயலுக்கு
ரண்டு தரம் துருசு திறந்தது?"

போன வருசமும் இதைத்தான் கேட்டாள்.
அப்போது செயலாளர்
"இரைச்சல், ஒண்டும் விளங்கேல்லை" என்று
அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.
இம்முறை பெட்டியைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
நான் கேபிளைச் சுருட்டுகிற பாவனையில் குனிந்தேன்.
மூன்று மணித்தியாலம் நடந்தது சண்டை,
சொல் சொல்லாக,
கடைசிக் கதிரைவரை.

உறைக்கும் தகட்டுக்கும் நடுவே
பத்து நானோ கப்பாசிற்றர் ஒன்று விட்டிருக்கிறேன்.
ரவர்களின் அலட்டலுக்கு அது திறந்த துருசு,
ஐம்பது ஹேர்ட்ஸுக்கு அடைத்த கதவு.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"காசு அடுத்த கிழமை அக்கா" என்றான் மரியநேசன்,
மைக்கை நிப்பாட்ட மறந்து.
மிகத் தெளிவாகக் கேட்டது.