பகலில் உறங்குபவளின் கணக்கு

நொவீனாவில், ஏழாம் தளத்தில்,
பிறர் தூங்குவதைப் பார்ப்பது என் வேலை.
தலையில் கம்பிகளை ஒட்டிவிட்டு
"வீட்டில் தூங்குவதுபோல் தூங்குங்கள்" என்பேன்.
அதற்கு எல்லாரும் சிரிப்பார்கள்.

நேற்று மூன்றாம் அறையில் திரு கோ பூன் லே.
துவாஸில் பாரந்தூக்கி ஓட்டுபவர். வயது அறுபத்தொன்று.
இரண்டு மணி பதினெட்டுக்கு
மூடிய இமைகளுக்குள் விழிகள் ஓடத் தொடங்கின.
திரையில் கோடு துள்ளியது.
அவர் பார்ப்பது எனக்குத் தெரிகிறது,
எதை என்பது தெரியவில்லை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மைலோ ஆறிக்கொண்டிருந்தது.

கனவு கண்டேன் என்கிறோம்.
செய்தேன் என்று ஒருவரும் சொல்வதில்லை.
பணப்பையைக் கண்டெடுத்துக்
காவல் நிலையத்தில் நீட்டுபவனின் குரல் அந்தச் சொல்லில்:
சத்தியமாக நான் வைக்கவில்லை,
அங்கேயே கிடந்தது.

காலை ஆறுக்குக் கம்பிகளைப் பிரித்தேன்.
என்ன கனவென்று நாங்கள் கேட்பதில்லை.
அவர்தான் கேட்டார்,
"அந்தக் காகிதத்தில் நம்பர் ஏதும் விழுந்ததா, மிஸ்?"

இறந்துபோன தம்பி வந்தானாம்.
ஒரு வார்த்தை பேசவில்லையாம்.
மீன்தொட்டியைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறினானாம்.
மீனுக்கு எண் உண்டு, இறந்தவருக்கும் உண்டு.
எத்தனையாவது மாடி என்று பார்ப்பதற்குள்
கதவு மூடிக்கொண்டதாம்.

ரயிலில் ஈசூன் வரும்வரை யோசித்தேன்.
தம்பியை நான்கு இலக்கத்தில் அடக்கி
அவன்மேல் இரண்டு வெள்ளி கட்டுகிறவரை
எப்படிச் சிரிப்பது?
நாங்கள் மட்டும் என்ன,
பல் விழுந்தால் இன்னது, பாம்பு துரத்தினால் இன்னது என்று
பலன் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

பகல் கனவு பலிக்காது என்பார்கள்.
பதினோரு வருடமாக நான் பகலில்தான் தூங்குகிறேன்.
அந்தச் சட்டப்படி என் கனவுகள் மொத்தமும் தள்ளுபடி.
மேல்வீட்டில் தரையைத் துளைத்தால்
என் கனவில் யாரோ மலையைக் குடைகிறார்கள்.
கீழே காராங்கூனிக்காரர் ஊதினால்
கப்பல் ஒன்று துறையை விட்டுக் கிளம்புகிறது.
உள்ளே யாரோ உட்கார்ந்து
வந்த சத்தத்தையெல்லாம் அவசரமாக மொழிபெயர்க்கிறார்கள்.
சம்பளம் கிடையாது. விடுப்பும் கிடையாது.
சில நாள் எனக்கே அவர்கள்மேல் பரிதாபம்.

இன்று சனிக்கிழமை.
பந்தயக் கடை முன்னால் வரிசை நீண்டிருந்தது.
நானும் நின்றேன். ஏனென்று கேட்காதீர்கள்.
பூஜ்யம், இரண்டு, ஒன்று, எட்டு.
அவர் கனவில் நான் கண்ட பாகம்
அந்த நேரம் ஒன்றுதான்.
சீட்டை வாங்கியபிறகே உறுத்தியது,
நோயாளியின் பையில் கைவிட்டதுபோல.

திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
மேல்வீட்டில் துளைக்கத் தொடங்கினார்கள்.

மின்தூக்கி திறந்தது.
தொட்டித் தண்ணீர் தளும்பச் சட்டை நனைந்து
ஓர் இளைஞன்.
"எத்தனையாவது மாடி, அக்கா?" என்றான்.
தமிழில்தான் கேட்டான்.
அண்ணனிடம் வாய் திறக்காதவன்.

இதை யார் பேரில் எழுதுவது?
எழுந்தபோது மணி ஏழு.
எண்கள் வந்து அரைமணி ஆகியிருக்கும்.
திரு கோ வீட்டில் இந்நேரம்
எதைப் பார்த்துக்கொண்டிருப்பாரோ.
சீட்டு தலையணைக்கடியில்.
நான் மாடி சொல்லவேயில்லை.
அவன் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்,
தொட்டி வேறு கனம்.