ஐந்தில் ஒன்று

கெலிமானேயில் ஓடும் ஆற்றுக்கு
நற்குறிகளின் ஆறு என்று பெயர்.
எந்தக் கப்பற்காரன்
எதைக் கண்டு வைத்தானோ.
அதன் கரையில்தான் எங்கள் சுகாதார அலுவலகம்.
குறி சொல்வதுதான் என் வேலையும்.
சோழி கிடையாது. ஒரு மடிக்கணினி,
மின்சாரம் இருக்கிற நாளில் ஒரு மின்விசிறி.

புயல் போன பதினோராம் நாள்
முதல் காலரா உறுதியானது.
கிடங்கில் முப்பதாயிரம் குப்பி தடுப்பு மருந்து.
ஒரு பேட்டைக்குக் காணும், இரண்டுக்குக் காணாது.

பத்தாயிரம் முறை ஓடவிட்டேன்.
பத்தாயிரம் பொய் மார்ச் மாதங்கள்.
ஒவ்வொன்றிலும் வேறொரு கிணற்றில்
வேறொருத்தி தன் மஞ்சள் கேனை இறக்கினாள்.
எட்டாயிரத்தில் சந்தைப் பக்கத்து நமுவா.
இரண்டாயிரத்தில்
அக்கரை உப்பளத்து முருவே.

கையெழுத்துப் போடுமுன் டாக்டர் ஃபெலிஸ்மினா கேட்டார்:
"அப்போ முருவேக்கு வராது?"
"ஐந்தில் ஒன்று" என்றேன்.
"அதாவது, வராது."
நான் வாயைத் திறக்கவில்லை.
அந்த மௌனத்தை எத்தனை தசமத்துக்குத் திருத்துவது?

வந்தது.
முருவேயில் அறுபத்து மூன்று பேர்.
நான்கு பேர் திரும்பவில்லை.

நமுவாவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
மருந்து காத்ததா,
வருவதாகவே இல்லையா?
நடக்காததை எழுத
எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.
தக்காளி விற்கிற அல்பெர்த்தீனா
என் கையைப் பிடித்து நிறுத்தினாள்:
"ஒண்ணும் வரலியே,
எதுக்கு என் பிள்ளைக்கு
அந்தக் கசப்பைக் குடுத்தீங்க?"
அவள் கோபம் என் மிகச் சிறந்த முடிவாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

நிகழ்தகவு என்கிறோம்.
தகவு என்றால் தகுதி.
அந்த நால்வரிடம்
எதற்கு இருந்தது தகுதி?

ஐந்தில் ஒன்று நடக்கத்தான் செய்யும்,
நடக்காவிட்டால் அது ஐந்தில் ஒன்றே அல்ல
என்று ஒரு வாரம்
எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.
பிறகு ஆற்றைக் கடந்தேன்.

படகுக்காரர் ஒசூஃபோவிடம் ஒரு நோட்டு.
எண்ணெய்க் கறை, மீன் வாடை.
உப்பளக் கூலிகளின் கடன் கணக்கு:
யார், எந்தச் சனிக்கிழமை,
நமுவா சந்தைக்குப் போக எத்தனை, வர எத்தனை.
அத்தனை பேர்.
என் மாதிரியில் ஆறு ஒரு சுவர்.
அவர் நோட்டில்
ஆறு ஒரு தெரு.

நான்கு பெயர்களின் மேல்
நேர்க்கோடு கிழித்திருந்தார்.
"கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.
அவர் துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்
"விட்டுட்டேன்" என்றார்.

அன்றிரவு மின்சாரம் இருந்தது.
ஒசூஃபோவின் சனிக்கிழமைகளை
வரிவரியாக ஏற்றினேன்.
மறுபடி பத்தாயிரம் மார்ச்.
முருவே இரண்டில் ஒன்று என்றது,
போன மாதமே கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேனே என்பது போல.

துரதிர்ஷ்டமா, என் தவறா?
ஒரே ஒரு மார்ச்தான் நடந்தது.
ஒன்றை வைத்துக்கொண்டு
எதையும் நிரூபிக்க முடியாதென்று
நானே வகுப்பெடுத்திருக்கிறேன்.

அடுத்த கப்பலில் பன்னிரண்டாயிரம் குப்பிகள்.
டாக்டர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு
"வருமா வராதா, அதைச் சொல்லு" என்றார்.
"தெரியாது" என்று தொடங்கி
முக்கால் மணி நேரம் பேசினேன்.
பேனா மூடியே இருந்தது.
பாதி அக்கரைக்குப் போனது.

சொல்ல மறந்துவிட்டேன்,
முருவேயிலிருந்து திரும்புகையில்
என்னிடம் சில்லறை இல்லை.
ஒசூஃபோ நோட்டைப் பிரித்து
எழுத்துக்கூட்டி எழுதினார்:
தியோலிந்தா, ஒரு தடவை, பத்து மெட்டிகால்.
இன்னும் கொடுக்கவில்லை.