துணை வினா

பத்து நிமிடம் என் முறை.
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
நான்கு பென்சில்களைச் சீவி வைத்திருக்கிறேன்.
கோட்டைக்கு வெளியே பங்குனி வெயில்,
உள்ளே ஏ.சி. குளிருக்குத் தோளில் சால்வை.

கேள்வி எண் நூற்றுப் பதினான்கு.
சட்டத்துறை அமைச்சர் எழுந்து கண்ணாடியை மாட்டுகிறார்.
(அ) ஆம்.
(ஆ) அரசின் கவனத்திற்கு வந்துள்ளது.
(இ) இவ்வினா எழவில்லை.

இவற்றுக்கெல்லாம் எங்களிடம் தனிக் கோடுகள் உண்டு.
'பரிசீலனையில் உள்ளது' ஒரு கொக்கி.
'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' ஒரே வளைவு,
கையெடுக்காமல் போட்டுவிடலாம்.
இருபத்தொரு வருடத்தில்
என் கையெழுத்தைவிட அதுதான் என் கையெழுத்து.

பிறகு துணை வினா.
வடசென்னை உறுப்பினர், கரகரத்த குரல்,
தாளில்லாமல் பேசுகிறவர். எங்களுக்கு அதுதான் தொல்லை.

மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே,
போன மாதம் ஒன்பதாம் தேதி, மாதவரம் ரவுண்டானா,
இரவு பதினொன்றே முக்கால்.
பெயின்ட் வேலை முடித்து சைக்கிளில் வந்த பையனை
ரோந்து வண்டி நிறுத்துகிறது.
எந்த ஊர்டா?
புழல்.
எப்போடா ரிலீஸ்?

அவை சிரித்தது.
(சிரிப்பு) என்று எழுதினேன்.
யார் யார் என்று எழுதும் வழக்கமில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டவர்களை
எழுதும் வழக்கமும் இல்லை,
அதில் நானும் ஒருத்தி.

உறுப்பினர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.
ஜெயில் இல்லைங்க, முகாம், என்றிருக்கிறான்.
அங்கேதான் பிறந்தேன், என்றிருக்கிறான்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி, மாநகராட்சி முத்திரை,
சட்டைப் பையில் லேமினேட் போட்ட சான்றிதழ்.
அதை டார்ச் அடித்துப் படித்துவிட்டு
முதல் அறை.
மூன்று நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?
முகாமில் மாலைக் கணக்கெடுப்புக்கு வரவில்லையென்று
அதற்கும் ஒரு வழக்கு.
உங்கள் லாக்கப்பில் இருந்தவன் எப்படி ஐயா வருவான்?
அவன் எந்த நாட்டுக்காரன் என்று அமைச்சர் சொல்வாரா,
எந்த நாட்டுக்காரனாக நினைத்து அடித்தார்கள் என்றாவது?

பெயரையும் சொன்னார். நிலோஜன்.
அதற்குக் கோடு கிடையாது, சத்தத்தைப் பிடித்தேன்:
ந, ல, ஜ, ன.
வேகத்தில் மெய் போதும், உயிரைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்
என்பது பயிற்சியில் முதல் வாரப் பாடம்.

அமைச்சர் தண்ணீர் குடித்தார்.
அதுவும் புழல் ஏரியிலிருந்து வந்திருக்கலாம்.
குடியுரிமை ஒன்றிய அரசின் வரம்பு.
காவல் மாநில வரம்பு,
ஆயினும் அது உள்துறையைச் சார்ந்தது.
எனவே, புழலில் பிறந்த இந்த இளைஞர்...

தோளில் விரல் பட்டது.
ஞானசௌந்தரி. முறை மாறும் நேரம்.
மிச்ச வாக்கியம் அவளுடைய நோட்டில்.

மாடியில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.
விட்டுப்போன உயிர்களை ஒவ்வொன்றாகப் போட்டேன்.
நாலரை மணிக்குத் திருத்தத் தாள் வந்தது.
'பிறந்த' என்பதைத் 'தங்கியுள்ள' என்று வாசிக்கவும்.
'இந்த இளைஞர்' என்பதை 'மேற்படி நபர்' என்று.
இன்னொரு தாள், பேரவைத் தலைவரிடமிருந்து:
'முதல் அறை' தொடங்கி 'லாக்கப்' வரை
அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.
சிரிப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
அது இருக்கிறது, பக்கம் முப்பத்தேழில்.

எனவே, என்னதான்டி சொன்னார், என்று கேட்டேன்.
டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே ஞானசௌந்தரி,
கேள்வி நேரம் முடிஞ்சிடுச்சு, என்றாள்.

பிராட்வேயில் செங்குன்றம் பஸ்.
கம்பியைப் பிடித்த கை கம்பியிலும்
அந்த நாலு கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தது.
எங்கம்மா, என்றார் கண்டக்டர்.
புழல்.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்,
உள்ளே போங்க, உள்ளே போங்க, என்று
பின்னால் ஏறியவர்களைப் பார்த்துக் கத்தினார்.