வெள்ளை எது

வார்டோவில் நவம்பர் கடைசி.
இனி ஜனவரியில்தான் சூரியன்;
அச்சைச் சன்னலோரம் பிடித்துப் பார்க்க வழியில்லை.

திரையின் நெற்றியில் கருவியைத் தொங்கவிட்டேன்.
அதன் வயிற்றடியில்
சிவப்பு, பச்சை, நீலம், பிறகு சாம்பல் சாம்பலாய்.
வெளிச்சம் பாதிக்கு இறங்கியது.
இத்தனை நாள் வெள்ளையென்று நம்பியது
நீலமாம்.

கண் பழகப் பத்து நிமிடம்.
காப்பி ஆறிவிட்டது.

எய்லிஃபின் படத்தைத் திறந்தேன்.
ஆகஸ்டில் நான்தான் எடுத்தேன்:
படகு, ரப்பர் கையுறை, சிரிப்பு.
கன்னத்தில் மஞ்சள்.
விழியின் வெள்ளையிலும்.
டாக்டருக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் இருந்தது அப்போது.

நாளை தோருன் வருவாள்,
சர்ச்சில் வைக்கப் பெரிய அச்சு வாங்க.
"அப்பா மாதிரியே இருக்கணும்" என்றாள் போனில்.

மஞ்சளைக் குறைத்தேன்.
பழையபடி வைத்தேன்.

மேசையில்
இரண்டு தாள் காய்கின்றன.